அத்தை ஏன் வரமாட்டேன் என்றார்?

விடுமுறைக்கு எங்கே போவது என்ற கேள்வி எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறை எழும். மூன்று நாள் நீடிக்கும். நாலாம் நாள், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற ஏகமனதான தீர்மானத்தோடு அடங்கிவிடும். இந்தத் தடவை அப்படி அடங்கவில்லை. காரணம் என் மகள். பள்ளிக்கூடத்தில் ஏதோ படித்துவிட்டு வந்து, "ஏம்மா, கேரளாவிலே கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையுதாமே, நிஜமா?" என்று கேட்டாள்.

"நிஜந்தான். குட்டநாடு என்று பெயர்."

"நீ பார்த்திருக்கியா?"

பத்திரிகைக்காரியைப் பார்த்துப் பன்னிரண்டு வயதுப் பெண் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடக் கடுமையானது வேறு இல்லை. நான் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றி இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்!

அன்று இரவே சாப்பாட்டுக்குப் பிறகு குடும்ப மகாநாடு கூடியது. வேம்பநாட்டுக் காயலுக்கும் ஆலப்புழைக்கும் நாலு நாள் போவதென்று முடிவாயிற்று. அதற்கு மேல் ஒரு விஷயத்திலும் ஒற்றுமை இல்லை. என் வீட்டுக்காரருக்குப் படகு வீட்டில் இரண்டு இரவு தங்க வேண்டும். கட்டிலில் படுத்தபடியே காயலைப் பார்க்க வேண்டும். பையனுக்கு வேகமாகப் போகும் படகு வேண்டும். மகளுக்குக் கடலுக்குக் கீழே இருக்கும் வயல் வேண்டும். எனக்கு வேண்டியதை நான் சொல்லவில்லை. நாலு நாள் அடுப்பைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று சொன்னால், அதற்கு எதற்கு ஆலப்புழை என்று கேட்டுவிடுவார்களே!

ஒரு மூலையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் மட்டும் தலை நிமிராமல் சொன்னார்: "நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்."

சகோதரிகளே, இந்த வாக்கியம் ஒலிக்காத வீடு நம் ஊரில் எது? அதைக் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? மூன்று தடவை, "வாங்களேன் அத்தை" என்கிறோம். மூன்று தடவையும் அவர்கள் மறுக்கிறார்கள். நாலாவது தடவை கேட்காமல், கேட்ட புண்ணியத்தோடு டிக்கட் வாங்கப் போய்விடுகிறோம்.

நானும் மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்றார். இரண்டாவது தடவை முழங்கால் வலி என்றார். மூன்றாவது தடவை, "வீண் செலவு எதுக்கு? எனக்குத் தண்ணீரும் புதுசில்லை, வயலும் புதுசில்லை" என்றார். அத்தை தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதனால் அது நியாயமாகவே பட்டது.

உண்மைக் காரணம் எதிர்வீட்டு அக்கா மூலமாக வந்தது. "உங்க மாமியாருக்குப் பிரயாணத்திலே பயமில்லை. வழியிலே ஒதுங்க இடம் கிடைக்காதேங்கிறதுதான் பயம். அதை உன்கிட்டே எப்படிச் சொல்லுவாங்க?" என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு போனோம். ஆறு மணி நேரப் பிரயாணம். அத்தை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. நான் இரண்டு தடவை புட்டியை நீட்டினேன். "தாகமில்லைம்மா" என்றார். ஊர் திரும்பிய மறுநாள் குளிர்ஜுரம். டாக்டர் நீர்க்கடுப்பு என்று சொல்லி மருந்து கொடுத்தார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. "எங்க அத்தைக்குத் தாகமே எடுக்காது, ஒட்டகம் மாதிரி" என்று நாலு பேரிடம் வேடிக்கையாகச் சொல்லிக்கூட இருக்கிறேன். அந்த வேடிக்கையை அவரும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

போட்டு வைத்திருந்த திட்டத்தைக் கிழித்தேன். புதிய காகிதத்தில் முதல் வரியாக ஒன்று எழுதினேன்: "இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுங்க இடமில்லாத பாதை எதுவும் கிடையாது." மற்றவையெல்லாம் இதன் கீழேதான் வரவேண்டும். இப்படிப் போட்ட திட்டம், அத்தைக்கு மட்டுமல்ல, எங்கள் எல்லோருக்குமே நல்ல திட்டமாக அமைந்தது. அதனால்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

எப்போது போவது?

கேரளத்துக் காயல் பக்கம் மழை இரண்டு பருவமாகப் பெய்யும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம்தான் பெரிது. அக்டோபர், நவம்பரில் மறுபடியும் மழை. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய நாலு ஆறுகளும் மலையிலிருந்து இறங்கிக் குட்டநாட்டில்தான் வந்து சேருகின்றன. பள்ளமான பூமி, மழை மிகுந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு வெள்ளத்தில் குட்டநாட்டு ஜனங்கள் பெரும்பாலும் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆகவே மழைக்காலத்தில் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போக நான் சொல்லமாட்டேன்.

மழைக்காலத்தில் போக ஒரே காரணம் உண்டு என்றால் அது படகுப் பந்தயம். 1952-இல் பிரதமர் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது அவருக்காக ஒரு பந்தயம் நடத்தினார்கள். ஜெயித்த நடுபாகம் படகில் நேரு பாதுகாப்பையெல்லாம் மறந்து தாமே தாவி ஏறிக்கொண்டார். டில்லிக்குப் போன பிறகு வெள்ளியில் படகு வடிவமாக ஒரு கோப்பை செய்து அனுப்பினார். அதுதான் இன்று புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு கோப்பைப் பந்தயம். வெகுகாலம் ஆகஸ்டு மாதம் இரண்டாவது சனிக்கிழமை என்று இருந்தது; அண்மை வருஷங்களில் தேதி மாறி மாறி வந்திருக்கிறது. தேதியை விசாரிக்காமல் டிக்கட் வாங்கிவிடாதீர்கள்.

நிதானமாகப் பார்க்க ஜனவரியும் பிப்ரவரியும் உத்தமம். வெயில் ஏறியிருக்காது, வயல் பச்சைப் பசேலென்று இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பத்து நாளில் விலையும் இரட்டிப்பு, கூட்டமும் இரட்டிப்பு. நாங்கள் ஜனவரிக் கடைசியில் போனோம்.

எப்படிப் போவது?

என் வீட்டுக்காரர் காரில் போகலாம் என்றார். முதல் வரியைச் சுட்டிக்காட்டினேன். ரயில்தான் என்று தீர்மானமாயிற்று. சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால் மறுநாள் முற்பகல் ஆலப்புழையிலேயே இறக்கிவிடும் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து வாசகிகளுக்கு இன்னும் ஓர் அதிர்ஷ்டம். செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லம் போகும் மலைப் பாதை 2018-இல் அகல ரயில் பாதையாகத் திறந்திருக்கிறது. குகைகளையும் பதின்மூன்று கண் பாலத்தையும் பார்த்துக்கொண்டே கொல்லம் போய், அங்கிருந்து ஆலப்புழைக்கு மாறிக்கொள்ளலாம்.

முன்பதிவு இப்போது 60 நாள் முன்னதாகத்தான் தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன் இருந்த 120 நாள் கணக்கை நினைத்துக்கொண்டு ஏமாற வேண்டாம். பதிவு செய்யும்போது பெரியவர்களின் வயதைச் சரியாகக் கொடுங்கள். மூத்தவர்களுக்கும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் இடம் இருந்தால் கீழ்ப் படுக்கை கிடைக்கும். அத்தைக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்தது; அதுவும் கோடியில், கழிவறைக்குப் பக்கத்தில். சாதாரணமாக எல்லோரும் வெறுக்கும் அந்த இடத்தைப் பார்த்து அத்தையின் முகம் மலர்ந்ததை நான் மட்டுமே கவனித்தேன். அன்று இரவு அவர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

படகு வீடா, வீடா?

மறுபடியும் சண்டை இங்கேதான் வந்தது. படகு வீடு என்பது பழைய கெட்டுவள்ளம். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் கட்டிச் செய்த பெரிய சரக்குப் படகு அது. குட்டநாட்டு நெல்லையும் அரிசியையும் கொச்சிக்குக் கொண்டுபோனது. சாலையும் லாரியும் வந்த பிறகு அதற்கு வேலை போய்விட்டது. 1990-களின் தொடக்கத்தில் யாருக்கோ அதன் மேல் கூரை போட்டுக் கட்டிலும் குளியலறையும் வைக்கும் யோசனை வந்தது. இன்று ஆயிரத்துக்குக் குறையாத படகு வீடுகள் காயலில் மிதக்கின்றன.

நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நண்பகலுக்கு ஏற்றிக்கொள்வார்கள், மாலை ஐந்தரை மணி வாக்கில் கரையோரம் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். ஆகவே இரண்டு இரவுக்குப் பணம் கொடுத்தாலும் இரவு முழுதும் படகு மிதந்து போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. குளிர்சாதனம் பல படகுகளில் இரவு மட்டுந்தான். சாப்பாடு எத்தனை வேளை, சைவச் சமையல் தனிப் பாத்திரத்திலா, எத்தனை மணி நேரம் படகு ஓடும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை கரையோடு சரி.

பெரிய படகு வீடு அகலமான காயலில்தான் போக முடியும். குட்டநாட்டின் அழகோ குறுகிய வாய்க்கால்களில் இருக்கிறது. அங்கே போக மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் சின்னக் கூரைப் படகுதான் சரி; ‘சிக்காரா’ என்கிறார்கள். இன்னும் சிக்கனமாக வேண்டுமானால் கேரள அரசாங்கத்தின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு இருக்கிறது. நம் ஊரில் டவுன் பஸ் மாதிரி நெடுமுடி, காவாலம், புளிங்குன்னு என்று ஒவ்வொரு துறையிலும் நின்று நின்று போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், காய்கறிக் கூடையோடு பெண்களும், சைக்கிளோடு ஆண்களும் ஏறுகிறார்கள். சொற்பக் கட்டணம். காபிக்குக் கொடுக்கும் காசில் காயல் பார்த்துவிடலாம்.

கடைசியில் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கை இது: இரண்டு இரவு வாய்க்கால் ஓரத்தில் ஒரு குடும்பத்தார் நடத்தும் வீட்டில், கீழ்த் தளத்து அறை, சேர்ந்தாற்போல் குளியலறை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. ஒரு பகல் மட்டும் படகு வீடு. அரை நாள் சின்னப் படகு. ஒரு மணி நேரம் அரசாங்கப் படகு. செலவு என் வீட்டுக்காரர் முதலில் போட்ட கணக்கில் பாதிக்குச் சற்று மேல் ஆயிற்று. "பார்த்தீங்களா!" என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

ஏறுமுன் ஒரு நிமிஷம்

மகிழ்ச்சிக்கு நடுவே இதைச் சொல்லாமல் விட மனம் இல்லை. 2002 ஜூலையில் முகம்மையிலிருந்து குமரகத்துக்குப் போன படகு காயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பரில் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். மிருகங்களைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் கூடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே மாதம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் பலர்.

ஆகவே கூச்சப்படாமல் நாலு கேள்வி கேளுங்கள். படகுக்கு லைசென்ஸ் இருக்கிறதா? எத்தனை பேருக்கு அனுமதி? மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்று இருக்கிறதா? குழந்தை அளவில் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குத்தான் பல இடங்களில் பதில் வருவதில்லை. நாங்கள் முதலில் பார்த்த படகில் சட்டைகள் ஒரு மூட்டையாகக் கட்டிப் பலகைக்கு அடியில் கிடந்தன. "தேவைப்பட்டா எடுத்துத் தருவோம்" என்றார்கள். படகு கவிழும்போது முடிச்சு அவிழ்க்க நேரம் ஏது? வேறு படகு பார்த்துக்கொண்டோம். பையன் அந்தச் சட்டையைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை. அதை ராணுவ உடுப்பு என்று நினைத்துக்கொண்டுவிட்டான்.

கடலுக்குக் கீழே ஒரு வயல்

சின்னப் படகுக்காரர் அத்தையை ‘அம்மச்சி’ என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்து ஏற்றினார். வாய்க்காலில் போய்க்கொண்டே இருக்கிறோம். ஒரு பக்கம் மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் என்ன என்று தெரியவில்லை. படகை நிறுத்தி, "ஏறிப் பாருங்க" என்றார். மகள் முதலில் ஏறினாள். "அம்மா!" என்று கத்தினாள்.

நாங்கள் மிதந்துகொண்டிருந்த தண்ணீர் மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம் கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் நெல் வயல்! கரை மட்டும் இல்லாவிட்டால் காயல் அப்படியே உள்ளே இறங்கிவிடும்.

இந்த வயல்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல. தென்னங்குற்றிகளையும் மூங்கிலையும் காயலில் ஊன்றி, அடியிலிருந்து சேற்றை மூழ்கி எடுத்து, கரை கட்டி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து உண்டாக்கியவை. முதலில் காலால் மிதிக்கும் சக்கரம் வைத்து இறைத்தார்கள். பிறகு எஞ்சின் வந்தது. இப்போது மின்சாரத்தில் ஓடும் ‘பெட்டியும் பறையும்’ என்ற இறைக்கும் யந்திரம். கரை சூழ்ந்த ஒரு தொகுதி வயலுக்குப் ‘பாடசேகரம்’ என்று பெயர். 1940-களில் முரிக்கன் என்ற பெருநிலக்காரர் மீட்ட மூன்று பெரிய காயல் நிலங்களுக்குத் திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தை ஒட்டிச் சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்றே பெயர் வைத்தார். மூழ்கிச் சேறு எடுத்த கூலியாட்களின் பெயர் எந்த வயலுக்கும் வைக்கப்படவில்லை. உலக உணவு, விவசாய நிறுவனம் 2013-இல் இந்தச் சாகுபடியை உலகப் பாரம்பரிய விவசாய முறைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதனுக்குப் பூர்விகம் இங்கே உள்ள மங்கொம்பு கிராமந்தான்.

அத்தையை மெதுவாகக் கரையில் ஏற்றினோம். முழங்கால் வலி எங்கே போயிற்றோ! குனிந்து ஒரு பயிரைத் தொட்டுப் பார்த்தார். படகுக்காரரிடம் விதை எப்போது விட்டது, எத்தனை நாள் பயிர், தண்ணீரை எப்படி வெளியே தள்ளுகிறீர்கள் என்று அரை மணி நேரம் விசாரித்தார். எனக்கு ஐந்து வருஷத்தில் தெரியாத சங்கதிகளெல்லாம் அவருக்கு அரை மணியில் தெரிந்துவிட்டது.

"எங்க ஊரிலே தண்ணி எப்போ வயலுக்கு வரும்னு காத்துக்கிட்டு இருப்போம். இங்கே எப்போ வெளியே போகும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. விவசாயிக்கு நிம்மதி எந்த ஊர்லேயும் கிடையாது போலிருக்கு" என்றார்.

தண்ணீரிலும் இங்கே ஒரு தகராறு உண்டு. கோடையில் கடல் உப்பு காயலுக்குள் ஏறி வந்து நெல்லைக் கெடுக்கும். அதைத் தடுக்கத் தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் 1976-இல் ஓர் அணை திறந்தார்கள். டிசம்பர் நடுவில் மதகை மூடினால் அறுவடை சமயத்தில் திறப்பார்கள். நெல் பிழைத்தது. ஆனால் மூடிய மாதங்களில் தண்ணீர் ஓடாமல் தேங்கி, ஆகாயத்தாமரை மண்டி, மீனும் கக்காயும் குறைந்துவிட்டன என்று மீன் பிடிக்கிறவர்கள் முறையிடுகிறார்கள். கரை ஏறிப் பார்த்தால் இரண்டு பக்கத்து நியாயமும் தெரிகிறது.

கடவில் நின்ற பெண்

மறுநாள் படகு வீட்டில் போகும்போது ஒரு சம்பவம். வாய்க்கால் ஓரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் படித்துறை இருக்கிறது; ‘கடவு’ என்கிறார்கள். துணி துவைப்பது, பாத்திரம் துலக்குவது, குளிப்பது எல்லாம் அங்கேதான். ஒரு கடவில் ஓர் அம்மாள் துவைத்துக்கொண்டிருந்தாள். என் மகள் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கப் போனாள். அத்தை சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"நம்ம வீட்டுக் கிணத்தடியிலே நின்னு எவனாவது படம் பிடிச்சா உங்கப்பா சும்மா இருப்பாரா?"

மகள் முகம் சிவந்தது. என் முகமும்தான். காலையிலிருந்து இருபது படங்கள் எடுத்திருந்தவள் நான்.

சற்றுத் தூரத்தில் இன்னொரு பெண் சிறு வள்ளத்தில் ஆறேழு காலிக் குடங்களோடு துடுப்புப் போட்டுப் போய்க்கொண்டிருந்தாள். எங்கே என்று படகுக்காரரைக் கேட்டோம். குடிதண்ணீருக்கு என்றார். சுற்றிலும் தண்ணீர்; குடிக்கத் தண்ணீர் இல்லை! கோடையில் உப்பு, மற்ற நாளில் அழுக்கு. குழாய் வராத கரைகளுக்குத் தண்ணீர் வண்டியோ, தண்ணீர்ப் படகோ வரும் இடம் தேடிப் போகவேண்டும். போகிறவர்கள் பெண்கள்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு படகுக்காரரிடம், "தம்பி, இந்தப் படகிலே குளியலறை வச்சிருக்கீங்களே, அந்தத் தண்ணியெல்லாம் எங்கே போகுது?" என்று கேட்டார்.

நாங்கள் யாரும் கேட்காத கேள்வி. அவர் கொஞ்சம் திகைத்தார். படகுக்கு அடியில் தொட்டி இருக்கிறது, நிறைந்ததும் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது சட்டம் என்றார். "சட்டம் சரி. நீங்க கொடுக்கறீங்களா?" என்றார் அத்தை. "எங்க முதலாளி கொடுக்கிறார் அம்மச்சி. எல்லாரும் கொடுக்கிறாங்கன்னு என்னாலே சொல்ல முடியாது" என்றார் அவர். உண்மையான பதில். படகு பேசும்போது இந்தக் கேள்வியையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்பது நியாயம். அது அடுத்த வீட்டுப் பெண்ணின் படித்துறையாக இருக்கக் கூடாது என்பதும் நியாயம்.

திரும்பும் வழியில்

நாலாம் நாளை ஊர் சுற்ற வைத்துக்கொண்டோம். ஆலப்புழைக்குத் தெற்கே அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோவில். பால் பாயசத்துக்குப் பெயர் போனது. வேண்டுமானால் நேரத்தோடு போய்ச் சொல்லி வையுங்கள். பக்கத்தில் கருமாடியில் வாய்க்கால் கரை ஓரமாகப் பாதி உடைந்த கருங்கல் புத்தர் ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். அருகிலேயே தகழி கிராமம். ‘செம்மீன்’ எழுதிய சிவசங்கரப் பிள்ளையின் ஊர். சுந்தர ராமசாமியின் தமிழில் அதைப் படித்த வாசகிகள் அங்கே ஒரு நிமிஷம் நிற்காமல் வரமாட்டார்கள்.

வடக்கே போனால் தவணக்கடவிலிருந்து வைக்கத்துக்குக் காயலைக் கடக்கும் ‘ஆதித்யா’ படகு. 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய இதுதான் நாட்டிலேயே சூரிய ஒளியில் ஓடும் முதல் பயணப் படகு. எஞ்சின் இரைச்சல் இல்லாமல் போகிறது. இறங்கினால் வைக்கம்! கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்றிருந்ததை எதிர்த்து 1924-இல் சத்தியாக்கிரகம் நடந்த இடம். ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து சிறை சென்றார். நாகம்மையார் பெண்களோடு மறியலுக்கு வந்து நின்றார். அங்குள்ள பெரியார் நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. அந்தத் தெருவில் ஒரு சுற்று நடந்தோம். "இந்தத் தெருவா? இவ்வளவு சின்னத் தெருவுக்கா அவ்வளவு சண்டை?" என்றான் பையன். அவன் அப்பா ரயில் ஏறும் வரையில் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீடு வந்து சேர்ந்தோம். துளசிச் செடி உயிரோடுதான் இருந்தது. எதிர்வீட்டு அக்கா தண்ணீர் ஊற்றியிருந்தார். நாலு நாளும் அடுப்பைப் பார்க்காத நான், ஐந்தாம் நாள் காலையில் அடுப்படிக்குப் போனால் அத்தை எனக்கு முன்னே காபி போட்டுக்கொண்டிருந்தார்.

"பத்திரிகையிலே எழுதப் போறியா?" என்றார்.

"எழுதலாமென்று இருக்கிறேன். வேன், கல்யாணம், அதையெல்லாம் எழுதமாட்டேன் அத்தை. கவலைப்படாதீங்க."

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அத்தை சற்று யோசித்தார்.

"அதைத்தான் முதல்லே எழுது. என்னை மாதிரி நாலு பேரு, ‘வீட்டைப் பார்த்துக்கிறேன்’னு சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அவங்க வீட்டு மருமகப் பொண்ணு படிக்கட்டும். என் பேரை மட்டும் போடாதே."

போடவில்லை.